படத்தைப் பார்த்து யாரும் எனக்கு அர்த்தம் சொல்லவில்லை

அப்பா இறந்த பிறகு நான் இடிந்துபோய் உட்காரவில்லை. நன்றாகவே பேசினேன். கவுன்சலிங் போனால் மருத்துவமனையில் நடந்ததை ஒன்று விடாமல் வரிசையாகச் சொல்வேன். கேட்பவருக்குத்தான் தொண்டை அடைக்கும், எனக்கு ஒன்றும் ஆகாது. கடைசியில் அவரே என்னை ஓவியச் சிகிச்சை தரும் ஒரு பெண்மணியிடம் அனுப்பினார். "எனக்கு வரையத் தெரியாதே" என்றேன். வருகிறவர்கள் முதலில் சொல்வது அதைத்தானாம்.

மேசையில் பென்சில், க்ரேயான், பேஸ்டல், பழைய பத்திரிகைகள், கத்தரிக்கோல் எல்லாம் இருந்தன. அழித்துக்கொள்ளலாமே என்று பென்சிலை எடுத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வரைந்தேன். கட்டில் என்று சொன்னால்தான் தெரியும், அப்படி ஒரு படம். அவர் பாராட்டவும் இல்லை, விளக்கம் சொல்லவும் இல்லை. "இந்தப் பக்கம் இடம் விட்டிருக்கிறீர்களே?" என்று மட்டும் கேட்டார். "அது நான் உட்காரும் இடம். அந்த நேரத்தில் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன்" என்றேன். அத்தனை மாதம் சொல்லிவந்த கதையில் இந்த ஒரு வரி வந்ததே இல்லை. அழுகையே அப்போதுதான் வந்தது.

அப்புறம் அதே கட்டிலை வெவ்வேறு விதமாக வரைந்தேன். ஒரு முறை கட்டிலே இல்லை, மருந்துக்கடையில் நின்ற வரிசை மட்டும். இப்போது தூக்கம் பரவாயில்லை. அந்தப் படங்களில் ஒன்றைப் பார்த்த உறவினர் ஒருவர், "எல்லாம் கறுப்பாகவே இருக்கிறதே, இன்னும் மனசு தேறவில்லையா?" என்றார். பென்சில் வேறு எந்த நிறத்தில் வரையும்? உங்களுக்கும் யாராவது இப்படிப் படத்தைப் பார்த்து ஜோசியம் சொன்னார்களா?

*

தோழி, நான் இந்தத் துறையில்தான் வேலை செய்கிறேன். கறுப்பு என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் என்று எங்களிடம் அகராதி எதுவும் கிடையாது. பெட்டியில் மற்ற க்ரேயான்கள் உடைந்து கிடந்தால் குழந்தை கறுப்பைத்தான் எடுக்கும்.

1940களில் அமெரிக்காவில் ஓவியச் சிகிச்சைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவரான மார்கரெட் நாம்பர்க் உளப்பகுப்பாய்வு வழியில் வந்தவர். கனவுக்குப் பொருள் சொல்லும் மரபு அது. அவரே, வரைந்தவர்தான் தன் படத்தைப் பற்றி மனதில் தோன்றுவதைச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டார். இங்கிலாந்தில் 1946 முதல் நெதர்ன் மனநல மருத்துவமனையில் ஓவியக்கூடம் நடத்திய எட்வர்ட் ஆடம்சன் இன்னும் ஒரு படி மேலே. நோயாளிகள் வரைவார்கள், அவர் கூட இருப்பார், பெரும்பாலும் அவ்வளவுதான். உங்கள் சிகிச்சையாளர் கேட்டது நல்ல கேள்வி. தாளில் இருப்பதைத்தான் கேட்டார், உங்கள் மனதில் இருப்பதாகத் தான் நினைப்பதைக் கேட்கவில்லை.

*

என் மகள் விபத்தில் சிக்கிய காரில் இருந்தாள். அடி பெரிதில்லை, ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். தாள் கிடைத்தால் கார், கார், கார். எங்களுக்குப் பயம். சிகிச்சையாளர் அதைத் தடுக்கச் சொல்லவில்லை. ஒரே படம் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்காக மட்டும் கவலைப்பட வேண்டியதில்லையாம், அதில் எதுவுமே மாறாமல் அப்படியே உறைந்து நிற்கிறதா என்றுதான் பார்ப்பாராம். சில வாரம் கழித்துக் காருக்குக் கதவு வந்தது. அப்புறம் பக்கத்தில் ஓர் ஆம்புலன்ஸ். அவள் பேச ஆரம்பித்ததே அந்த ஆம்புலன்ஸ் டிரைவரைப் பற்றித்தான்!

எங்களுக்கு இரண்டு கட்டளைகள். "இது என்ன?" என்று கேட்கக் கூடாது, "இதைப் பற்றிச் சொல்லேன்" என்று சொல்லலாம். "ரொம்ப அழகா இருக்கு" என்றும் சொல்லக் கூடாது, பாராட்டு வாங்குகிற மாதிரி வரையத் தொடங்கிவிடுவாளாம். இரண்டாவதுதான் பெற்றவர்களுக்குப் பெரிய கஷ்டம்.

*

எனக்கு நடந்தது வேறு. மனக்காயங்களை ஆற்றுவதாகச் சொன்ன ஒரு பயிலரங்குக்குப் போனேன். விளக்கை மங்கலாக்கி, இசை போட்டு, ஈரத் தாளில் கையாலேயே வண்ணத்தை இழுக்கச் சொன்னார்கள். "வருவதை வரவிடுங்கள்" என்றார்கள். வந்தது. சின்ன வயதில் நடந்தது எல்லாம் அணை உடைந்த மாதிரி வந்தது. நேரம் முடிந்ததும் கைகழுவச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவை எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள்.

பிறகு முறையாகப் படித்த ஒருவரிடம் போனபோது, வண்ணத்தையும் களிமண்ணையும் அவர் முதலில் கண்ணிலேயே காட்டவில்லை. பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டும் கொலாஜ், சின்னத் தாள், கூர்மையான கலர் பென்சில், இவ்வளவுதான். ஒவ்வொரு சந்திப்பிலும் கடைசிப் பகுதி வரைவதற்கு இல்லை. படத்தை உறையில் போட்டு மூடி, மூச்சு சீராகி, அடுத்து எங்கே போகப் போகிறேன் என்று பேசிவிட்டுத்தான் கிளம்புவேன். இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்று முதலில் எரிச்சலாக இருந்தது.

*

ஏன் என்று நான் சொல்கிறேன். இதில் நாங்கள் படிக்கும் அடிப்படைக் கோட்பாடு ஒன்று உண்டு, கேகின், லூசெப்ரிங்க் என்ற இருவர் 1978இல் எழுதியது. தண்ணீராக ஓடும் பொருள்கள் உணர்ச்சியைச் சீக்கிரம் கிளப்பும். பென்சில், கத்தரிக்கோல் மாதிரி கைக்கு எதிர்த்து நிற்கும் பொருள்கள் யோசனைக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடம் கொடுக்கும். உணர்ச்சி ஏற்கெனவே பொங்கி நிற்பவருக்கு வாட்டர் கலரை நீட்டுவது ஆபத்து. மரத்துப்போனவருக்கு அதுவே உதவும். யாருக்கு எதை, எப்போது கொடுப்பது என்பதில்தான் படிப்பு இருக்கிறது.

*

கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன், கோபப்படாதீர்கள். என் அண்ணனுக்கு ஸ்கிட்ஸோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். குழுவாக நடக்கும் ஓவியச் சிகிச்சைக்குச் சில காலம் போனார். பிடித்திருந்தது, அப்புறம் நிறுத்திவிட்டார். நோயில் மாற்றம் எதையும் நாங்கள் பார்க்கவில்லை. இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 417 பேரை வைத்து நடந்த மாடிஸ் என்ற ஆய்வும் 2012இல் இதைத்தான் சொன்னது: வழக்கமான சிகிச்சையோடு குழு ஓவியச் சிகிச்சையைச் சேர்த்தும் பொதுவான செயல்பாட்டிலும் அறிகுறிகளிலும் முன்னேற்றம் தெரியவில்லை. பலர் ஒழுங்காக வரவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வரைகிறோமே என்று மட்டும் யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

*

வீட்டிலேயே மண்டலா, அதாவது வட்ட வடிவக் கோலங்களுக்கு வண்ணம் தீட்டும் கலரிங் புத்தகம் வைத்துக்கொண்டால் போதாதா? எனக்குப் பதற்றம் உண்டு, அவ்வளவு பெரிய கதை எதுவும் இல்லை.

*

தாராளமாகச் செய்யுங்கள். மண்டலாவுக்கு வண்ணம் தீட்டினால் தற்காலிகப் பதற்றம் குறைகிறது என்று 2005இல் ஓர் ஆய்வு வந்தது. 2016இல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் தங்கள் விருப்பப்படி கலைப்பொருள்களோடு விட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு மன அழுத்தத்தில் கூடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இறங்கியது. இரண்டும் சின்ன ஆய்வுகள், இரண்டும் அந்த நேரத்து அமைதியைத்தான் அளந்தன. பதற்றம் வேலையையும் தூக்கத்தையும் கெடுக்கிறது என்றால் முறையாகப் படித்த ஆள் வேண்டும்.

சரி, ஆளை எப்படிப் பார்ப்பது? பிரிட்டனில் பதிவு செய்யாமல் 'ஆர்ட் தெரபிஸ்ட்' என்று போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம். எல்லா இடத்திலும் அப்படி இல்லை, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். எங்கே, எவ்வளவு காலம் படித்தீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பாதியில் எனக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். வரைந்த தாள்கள் எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள், என் அனுமதி இல்லாமல் இணையத்தில் போடுவீர்களா என்றும். இவற்றுக்கு நேராகப் பதில் வரவில்லை என்றால் வேறு ஒருவரைத் தேடுங்கள்.