பந்தல் போட யாரை நம்புவது: வானிலைப் பதிவரையா, வானிலை மையத்தையா?

கேள்வி: பந்தல்காரன், தாம்பரம்

எனக்குத் தொழில் பந்தல், ஷாமியானா. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் வந்தால் துணியா தகரமா என்று இரண்டு நாள் முன்பே முடிவு செய்தாக வேண்டும். தகரம் என்றால் லோடு வண்டி, கூடுதல் ஆள் என்று செலவு எகிறும். பெண் வீட்டார் முகம் சுருங்கும்.

போன வருடம் ஒரு பதிவர் "இரவு வரை மழை இல்லை" என்று எழுதியதை நம்பித் துணி போட்டேன். மாப்பிள்ளை மேடை ஏறுகிற நேரத்தில் துணி நடுவே தண்ணீர் தேங்கித் தொட்டில் மாதிரி தொங்கியது. கம்பால் குத்தித் தள்ளினோம். மொத்தமும் ஐஸ்கிரீம் கவுன்டரில் போய் விழுந்தது.

என் மச்சான் இன்னமும் "பதிவர்கள்தான் கரெக்ட், வானிலை மையம் மஞ்சள், ஆரஞ்சு என்று பெயின்ட் கடை மாதிரி" என்கிறான். யாருடையது அதிகம் பலிக்கிறது? யாராவது கணக்குப் பார்த்ததுண்டா?

பதில்: மொட்டைமாடி மழைமானி

நான் பார்த்திருக்கிறேன், சார். மாடியில் மழைமானி வைத்து தினமும் காலை 8.30-க்கு அளந்து ஏட்டில் எழுதுகிறேன். பக்கத்திலேயே முந்தின நாள் யார் என்ன சொன்னார்கள் என்பதும் இருக்கும்.

முதலில் ஒன்று. இரண்டு பேருக்கும் மளிகை ஒன்றுதான், சமையல்காரர்தான் வேறு. கம்ப்யூட்டர் கணித்துத் தரும் வானிலை மாடல்களான ஐரோப்பிய மாடலும் அமெரிக்க ஜி.எஃப்.எஸ்.ஸும் எல்லோருக்கும் கிடைக்கின்றன. பதிவர் போடும் ரேடார் படமும் பெரும்பாலும் வானிலைத் துறையின் துறைமுக ரேடாரோ பள்ளிக்கரணை ரேடாரோ தருவதுதான்.

பிறகு ஏன் பதிவர் ஜெயிப்பது போலத் தெரிகிறது? மையம் மாவட்டத்துக்குச் சொல்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தில் கனமழை என்றால் மதுராந்தகத்தில் கொட்டினாலும் அது பலித்த கணக்குதான். தாம்பரத்தில் உங்கள் துணி காய்ந்தே இருக்கும். பதிவர் "பழவேற்காடு பக்கம் இருக்கிற மேகக்கூட்டம் ஒரு மணி நேரத்தில் நகருக்குள் வரும்" என்கிறார். கண்ணெதிரே நகர்வதைப் பார்த்துச் சொல்வதும் மூன்று நாள் முன்னால் சொல்வதும் ஒன்றில்லை.

2024 அக்டோபர் 16 நினைவிருக்கிறதா? சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திய கார்கள். தாழ்வு மண்டலம் வடக்கே ஒதுங்கியது, மழை குறைந்தது. அன்று காலையிலேயே பயம் வேண்டாம் என்று எழுதிய பதிவர்களுக்கு நல்ல பெயர். சரி. ஆனால் 2021 டிசம்பர் 30 பிற்பகல் நகரமே மிதந்ததே, அதை முந்தின நாள் மையமும் சொல்லவில்லை, நான் படிக்கிற பதிவர்களும் சொல்லவில்லை. இதை யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதில்லை.

கணக்குப் போட நல்ல வழி ஒன்று உண்டு. அமெரிக்க வானிலைத் துறையில் இருந்த கிளென் பிரையர் 1950-ல் எழுதியது. மழைக்கு 80 சதவீத வாய்ப்பு, அதாவது 0.8 என்கிறீர்கள். பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0 என்று வையுங்கள். பெய்தால் பிழை 0.2, அதன் வர்க்கம் 0.04. பெய்யாவிட்டால் 0.8-ன் வர்க்கம், 0.64. சீசன் முழுக்கச் சராசரி எடுங்கள், குறைவாக வருகிறவர் நல்லவர். சிக்கல் என்னவென்றால் "தரமான சம்பவம் இருக்கு" என்று எழுதுகிறவருக்கு எத்தனை சதவீதம் போடுவது?

பதில்: ஆறுமுகநேரிக்காரன்

நீங்கள் துணி நனைவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் எங்கள் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. சிவப்பு எச்சரிக்கை என்பது 20 செ.மீ.க்கு மேல். 21-ம் சிவப்புதான், 95-ம் சிவப்புதான். பெரிய மழை வரும் என்றார்கள், அந்த அளவை யாரும் சொல்லவில்லை. இதில் பதிவர் கட்சி, மையம் கட்சி என்று எனக்கு எதுவும் கிடையாது.

பதில்: பந்தல்காரன், தாம்பரம்

அண்ணாச்சி சொல்வது புரிகிறது. மழைமானி சார், உங்கள் ஏட்டில் கடைசியில் யார் முன்னால்?

பதில்: மொட்டைமாடி மழைமானி

ஒரு நாள் முன்பு சொன்னதில் பெரிய வித்தியாசம் இல்லை. கடைசி மூன்று மணி நேரத்தில் எனக்குப் பதிவர்கள்தான் உதவினார்கள். உங்களுக்கு அது ஆகாது. கம்பு நட்டு முடித்திருப்பீர்கள். கார்த்திகை முகூர்த்தமா? தகரமே போட்டுவிடுங்கள். ஐஸ்கிரீம் கவுன்டரை மட்டும் மண்டபத்துக்குள் தள்ளுங்கள்.