வேர்டுல பழைய ஈக்வேஷன் எடிட்டர் காணோம், எங்க போய் தேடுறது?

கணக்கு டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். ப்ளஸ் டூ மேத்ஸ் எடுக்கிறேன், பழைய யூனிட் டெஸ்ட், ரிவிஷன் பேப்பர் எல்லாம் ஒரு ஃபோல்டர் நிறைய .டாக் ஃபைலா இருக்கு, அத்தனையும் வேர்டுக்குள்ளயே கணக்கு சமன்பாடு அடிக்க வர்ற ஈக்வேஷன் எடிட்டர் 3.0ல அடிச்சது. சிஸ்டம் மாத்தினதுல இருந்து இன்டெக்ரலோட லிமிட்டை திருத்தலாம்னு டபுள் கிளிக் பண்ணா 'மைக்ரோசாஃப்ட் ஈக்வேஷன் ஈஸ் நாட் அவைலபிள்'னு வந்து நிக்குது. கண்ணுக்கு தெரியுது, பிரின்ட்டும் வருது, கை வைக்கத்தான் முடியல. இன்சர்ட் ஆப்ஜெக்ட் லிஸ்ட்ல பேரே இல்ல, ஆபீஸை எடுத்துட்டு திரும்பப் போட்டும் வரல. சர்வீஸ் பண்ற பையன் அந்த எடிட்டர் ஃபைலை மட்டும் நெட்ல எடுத்துப் போட்டுத் தர்றேங்கிறான், போடலாமா?

பழையகீபோர்டு:
வேணாம் டீச்சர், தயவுசெஞ்சு போட விடாதீங்க. உங்க இன்ஸ்டால்ல குறை ஒண்ணுமில்ல, 2018 ஜனவரி அப்டேட்ல மைக்ரோசாஃப்ட்டே அதை எடுத்துட்டாங்க, இனிமே எந்த செட்டப்ல தேடினாலும் கிடைக்காது. அது டிசைன் சயின்ஸ்னு, மேத்டைப்ங்கிற ஈக்வேஷன் அடிக்கிற சாஃப்ட்வேரைப் பண்ணின கம்பெனி செஞ்சு குடுத்தது, 2000ல கம்பைல் பண்ணின புரோகிராம் அப்படியே 2017 வரைக்கும் ஓடிட்டு இருந்துச்சு. அந்த வருஷம் நவம்பர்லதான் அதுல இருந்த ஓட்டை வெளிய வந்துச்சு, யாரோ அனுப்பின ஃபைலை திறந்தாலே அவங்க ஒளிச்சு வச்ச புரோகிராம் நம்ம சிஸ்டத்துல ஓடிடும். ஒட்டு போட்டுப் பாத்தாங்க, அடுத்து இன்னொரு ஓட்டை, சரி போதும்டா சாமின்னு ஆளையே தூக்கிட்டாங்க. பென்டிரைவ் ஸ்டாஃப் ரூம் முழுக்க சுத்துற இடத்துல அதை திரும்ப கொண்டு வர்றது வம்பை வாடகைக்கு எடுக்கிற மாதிரி.

எக்ஸெல்மாமா:
காரணம் சரி, அவங்களுக்கு இப்ப பேப்பர் ரெடியாகணுமே. மேடம், உங்களுது சந்தா கட்டி வாங்குற ஆபீஸ், மைக்ரோசாஃப்ட் 365ஆ? ஆமான்னா முதல்ல ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிட்டு, ஃபைலை .டாக்எக்ஸ்ஸா சேவ் அஸ் பண்ணுங்க, பழைய ஃபார்மட்லயே இருந்தா இன்சர்ட்ல ஈக்வேஷன் பட்டன் சாம்பலா செத்துக் கிடக்கும். அப்புறம் ஏதாவது ஒரு ஈக்வேஷனை டபுள் கிளிக் பண்ணா புது ஃபார்மட்டுக்கு மாத்தவான்னு கேக்கும், எல்லா ஈக்வேஷனுக்கும்னு இருக்கிற பாக்ஸை டிக் பண்ணிட்டு யெஸ் குடுங்க. புதுசா அடிக்க ஆல்ட்டையும் சமக்குறியையும் சேர்த்து அமுக்கினா போதும், பழகிட்டா பழைய டூல்பாரை விட வேகம்.

லினக்ஸ்தம்பி:
365 இல்லாதவங்களுக்கு லிப்ரேஆபீஸ்னு எம்எஸ் ஆபீஸ் மாதிரியே ஒண்ணு இருக்கு, காசு கிடையாது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ்ல மைக்ரோசாஃப்ட் ஆபீஸ்ங்கிற பக்கத்துல மேத்டைப்ங்கிற வரி டிக் ஆகியிருக்கான்னு பாத்துட்டு ஃபைலை திறந்தா அதோட மேத் ஆப்ஜெக்ட்டா மாறி வரும், எடிட் பண்ணலாம். மேத்டைப் வாங்கினாலும் பழசெல்லாம் திறக்கும், ஆனா அது வருஷ சந்தா, ஒரு ஸ்கூல் டீச்சர் கைக்காச போட்டு கட்டுறதுக்கு அவசியமே இல்லைங்கிறது என் கருத்து.

கணக்கு டீச்சர்:
365தான் சார், மாறிடுச்சு, மேட்ரிக்ஸ் கூட கலையாம வந்துருக்கு, ரொம்ப நன்றி. சர்வீஸ் பையனுக்கு வேணாம்னு சொல்லிட்டேன். ஒண்ணே ஒண்ணு, வரிக்கு நடுவுல வர்ற பின்னம் எல்லாம் பொடிசா போயிடுச்சு, டினாமினேட்டர்ல இருக்கிற பவர் கடைசி பெஞ்சு பசங்களுக்கு இல்ல, எனக்கே தெரியல.

எக்ஸெல்மாமா:
அது அப்படித்தான் மேடம், புது ஈக்வேஷன் வரிக்குள்ள இருந்தா இன்லைன்னு எடுத்துக்கிட்டு பின்னத்தை சுருக்கிடும். தனி வரில விட்டா பழைய சைஸுக்கு வந்துடும். கேள்வி நீளமா இருந்து தனி வரி கட்டுப்படி ஆகலைன்னா அந்த பின்னத்தை மட்டும் செலக்ட் பண்ணி ஃபான்ட் சைஸை 12ல இருந்து 16 ஆக்குங்க, லைன் ஸ்பேசிங் கொஞ்சம் தள்ளும், அதனால பக்கம் எங்க உடையுதுன்னு பிரின்ட் ப்ரிவ்யூல ஒரு தடவை பாத்துட்டு ஜெராக்ஸுக்கு அனுப்புங்க.