உதவி: ரோபோ கையின் சக்சன் கிறிப்பர் சீறுது, எங்க குறைக்கலாம்?

கேள்வி (உப்புவெளி)
வணக்கம். பொதி அடைக்கிற சின்ன அறை, தகரக் கூரை, சீமெந்துச் சுவர். ரோபோ கை ஒன்று அரைக் கிலோ கருவாட்டுப் பொலித்தீன் பக்கெட்டைத் தூக்கிக் காட்போட் பெட்டிக்குள் வைக்குது. நுனியில உறிஞ்சிப் பிடிக்கிற 30 மி.மீ. தட்டைக் கப் இரண்டு. வெற்றிடம் எடுக்கிறது கொம்பிறசர் காத்தில ஓடுற எஜெக்டர், நொசில் 1.5 மி.மீ. காத்தழுத்தம் சரிசெய்யிற ரெகுலேற்றரில 6.5 பார். வெளியேறும் வாயில சின்ன வெண்கலச் சைலன்சர் பூட்டியிருக்கு.

ஒரு மீற்றர் தள்ளி ஃபோன் அப்பில 87 டெசிபல் காட்டுது. பக்கெட்டை விடேக்க "டப்" என்று ஒரு அடி. பக்கத்தில நிக்கிறாக்கள் கத்தித்தான் கதைக்கினம். சைலன்சருக்கு மேல ஸ்பொஞ் சுத்தினா சத்தம் அடங்குது, ஆனா பக்கெட் நழுவுது. பெரிய சைலன்சர் வாங்கினாச் சரியாகுமோ?

பதில் (தம்பலகாமம்)
தம்பி, சைலன்சரைக் கடைசியாப் பாருங்கோ. சத்தம் எண்டது வீணாப் போற காத்து. முதல்ல காத்தைக் குறைச்சா மிச்சத்தை அடக்கிறது லேசு. ஸ்பொஞ் சுத்தினதும் நழுவினதுக்குக் காரணம் எதிரழுத்தம். எஜெக்டரின்ர வாயை மூடினா வெற்றிடம் விழும்.

முதல் சோதனை: கப்பை ஒரு கண்ணாடித் துண்டில ஒட்ட வைச்சு வெற்றிட மானியைப் பாருங்கோ. பிறகு பக்கெட்டில. கண்ணாடியில நல்லாப் பிடிச்சுப் பக்கெட்டில விழுந்தா, ஒழுக்கு கப்பின்ர விளிம்பில. பொலித்தீனுக்குத் தட்டைக் கப் சரிவராது. பை சுருங்கி மடிப்பு விழ, அந்த மடிப்பு வழியாக் காத்து உள்ள இழுபடும். "ஸ்ஸ்" என்று கேக்கிறதில ஒரு பங்கு அதுதான். ஒன்றரை மடிப்புப் பெலோஸ் கப் (துருத்தி மாதிரி மடிப்புள்ளது), மெல்லிய சிலிக்கோன் விளிம்பு, உள்ளுக்குப் பை இழுபடாமத் தாங்கி உள்ளதா எடுங்கோ.

அடுத்தது அழுத்தம். 6.5 பார் தேவையில்லை. எஜெக்டருக்கு ஒரு உச்சப் புள்ளி இருக்கு, கனக்க வகைகளில 4 முதல் 5 பார். அதுக்கு மேல போனா வெற்றிடம் கூடாது, காத்தும் சத்தமும்தான் கூடும். 6.5 இலிருந்து 4.5 க்கு இறக்கினாக் காத்துச் செலவு கால்வாசிக்கு மேல குறையும். அழுத்தத்தை ரெகுலேற்றரில பாக்காதேங்கோ, காத்து ஓடேக்க எஜெக்டருக்குள்ள காத்துப் போற வாசல்ல பாருங்கோ. நீட்டு மெல்லிய ஹோஸ் என்டா இடையில அழுத்தம் விழும்.

பதில் (உப்புவெளி)
அண்ணை, அழுத்தம் குறைச்சா பிடி விடாதோ?

பதில் (தம்பலகாமம்)
கணக்கைப் போட்டுப் பாருங்கோ. 30 மி.மீ. கப்பின்ர பரப்பு 7.07 ச.செ.மீ. மைனஸ் 35 கிலோபாஸ்கலில (வெளிக் காத்தழுத்தத்தை விட அவ்வளவு குறைவு) ஒரு கப் 25 நியூட்டன் வரை தரும், இரண்டுக்கும் 50. அரைக் கிலோவைச் செக்கன் வர்க்கத்துக்கு 5 மீற்றர் வேகமுடுக்கத்தில தூக்க 7.5 நியூட்டன் காணும். பாதுகாப்புக்கு இரட்டிப்பு எண்டா 15. பக்கவாட்டிலயும் ஆட்டுறதெண்டா நாலு மடங்கு, 30. பெலோஸ் கப் கொஞ்சம் குறைச்சுத் தந்தாலும் மிச்சம் இருக்கு. அதாலதான் மைனஸ் 60 கிலோபாஸ்கல் வரை வெற்றிடம் எடுக்கத் தேவையில்லை என்கிறன்.

வெற்றிட சுவிட்ச் இருக்கோ? இருந்தா மைனஸ் 45 இல எஜெக்டரை நிப்பாட்டி, மைனஸ் 35 க்கு இறங்கினாத் திரும்ப ஓட வைக்கலாம். கப்புக்கும் எஜெக்டருக்கும் இடையில செக் வால்வ் (காத்தை ஒரு பக்கம் மட்டும் விடுறது) கட்டாயம். ஒழுக்கு இன்னும் இருந்தா வால்வ் "டிக் டிக்" என்று விடாம அடிக்கும். அப்ப இந்தச் சுவிட்ச் முறையை நிப்பாட்டி வையுங்கோ, கப்பைத் திருத்தின பிறகு போடலாம். இல்லாட்டி வால்வ்தான் தேயும்.

"டப்" எண்டது பக்கெட்டைக் கப்பிலிருந்து விடுவிக்க ஊதுற காத்து. அந்த வழியில ஒரு திருகு வால்வ் போட்டுக் காத்தை அடக்கி, திறக்கிற நேரத்தை 50 முதல் 100 மில்லிசெக்கன் ஆக்குங்கோ. பக்கெட்டுக்கு அது கனக்க.

பதில் (மூதூர்)
கொம்பிறசரை விட்டிட்டு 12 வோல்ட் டயபிறாம் பம்ப் போட்டா என்ன? சத்தம் குறைவு.

பதில் (தம்பலகாமம்)
மூடி வைக்கிற பிளாஸ்ரிக் டப்பாவுக்கு நல்லது. பொலித்தீன் ஒழுக்குக்கு அதின்ர காத்தோட்டம் காணாது. நேர கையில பூட்டினா அதிர்வு வேற வரும், றப்பர் வொஷர் இல்லாட்டிக் கையே முணுமுணுக்கும்.

பதில் (நிலாவெளி)
சைலன்சரைப் பற்றி ஒரு விசயம். கடற்கரைக் காத்து, மேல கருவாட்டுத் தூசு. மாரி தொடங்கினா கொம்பிறசர் ஈரமும் சேரும். வெண்கலத் துளைகள் அடைபட்டாச் சத்தம் குறைஞ்ச மாதிரி இருக்கும், வெற்றிடம் களவு போகும். ஒருக்காக் கழற்றி ஓட்டிப் பாருங்கோ, காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி போட்டிட்டு. வெற்றிடம் முந்தினதை விட 5 கிலோபாஸ்கலுக்கு மேல கூடினாச் சைலன்சர் அடைபட்டதுதான். மண்ணெண்ணெயில ஊறவைச்சு ஊதி எடுக்கலாம், புதுசு போட்டாலும் பெரிய செலவில்லை.

இன்னும் அடக்க வேணுமெண்டா வாயை அடைக்காதேங்கோ, வெளியேறும் காத்தை ஹோஸில அறைக்கு வெளியே கொண்டு போங்கோ. ஹோஸின்ர உள் விட்டம் எஜெக்டர் வாயை விடச் சிறுசா இருக்கக் கூடாது, நீளம் 2 மீற்றருக்குள்ள. நுனியில உள்ளுக்கு நுரை ஒட்டின வாளி ஒன்று. அதின்ர வெளித் துளைகளின்ர மொத்தப் பரப்பு ஹோஸ் வாயை விடக் கூடவா இருக்க வேணும், அடியில ஒரு துளை, தண்ணி வடிய.

அளக்கேக்க ஃபோனை ஒரே இடத்தில ஒரே உயரத்தில வையுங்கோ. அப் சொல்ற எண்ணை நம்ப வேண்டாம், முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நம்புங்கோ.

பதில் (உப்புவெளி)
நன்றி அக்கா, நன்றி அண்ணை. கப் மாத்தி, வாசல்ல 4.2 பார் வைச்சு, விடுகாத்தை அடக்கிட்டன். அதே இடத்தில ஃபோன் 76 காட்டுது, பக்கெட் நழுவேல்லை. சைலன்சர் இன்னும் பழசுதான். ஆனா இப்ப எஜெக்டர் விட்டு விட்டு "கர்... கர்..." என்று உறுமுது. பழுதோ?

பதில் (தம்பலகாமம்)
பழுதில்லை. சில எஜெக்டரில குறிப்பிட்ட ஒரு அழுத்தத்தில உள்ளோட்டம் நிலையில்லாம ஆடும். 0.2 பார் கூட்டிப் பாருங்கோ, நிண்டிடும். நிக்காட்டி 0.2 குறைச்சுப் பாருங்கோ. பிறகு ரெகுலேற்றரின்ர பூட்டுத் திருகை இறுக்கி விடுங்கோ. இல்லாட்டி யாராவது "காத்துக் காணாது" எண்டு திரும்ப 6.5 க்குத் திருகிப் போடுவினம்.