குரோமியம் ஏறிய நிலத்துக்கு ஹியூமிக் அமிலம் (மக்கிய தாவரப் பொருளில் உள்ள கரிமச் சேர்மம்) போட்டால் உலோகத்தைப் பிடிக்குமா?

பாலாற்றங்கரை:
ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஏக்கர், முன்பு தோல் கழிவுநீர் பாய்ந்த இடம். மண் பிஎச் 8.2. கிலோவுக்கு மொத்த குரோமியம் 410 மி.கி., ஈயம் 180 மி.கி. கிணற்று நீரில் குரோமியம்-6 (நீரில் கரையும், நச்சு மிகுந்த வடிவம்) லிட்டருக்கு 0.8 மி.கி. ஏக்கருக்கு 2 கிலோ பொட்டாசியம் ஹியூமேட்டை (ஹியூமிக்கின் கரையும் உப்பு) சொட்டுநீரில் விட்டால் உலோகத்தைக் கட்டிப்போடும் என்கிறார்கள் உரக்கடையில். எவ்வளவு விடணும்? கிணற்றிலும் கொட்டலாமா?

மண்கணக்கு:
கிணற்றில் கொட்டாதீங்க. அந்த நீரில் குளோரின் பட்டால் டிரைஹாலோமீத்தேன் என்ற கெடுதலான சேர்மம் உருவாகும்.

நிலத்துக்கு முதலில் எடையைப் பாருங்க. 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு ஏக்கர் மண் ஏறக்குறைய 850 டன். அதில் உங்க ஈயம் மட்டும் 153 கிலோ. நல்ல ஹியூமிக் அமிலம் கிராமுக்கு 5 மில்லி ஈக்விவலென்ட் (மின்சுமைக் கணக்கில் பிடிக்கும் அளவு) பிடிக்கும் என்று வைத்தாலும், 2 கிலோ சரக்கு பிடிப்பது ஒரு கிலோ ஈயம். அதுவும் மண்ணில் உள்ள கால்சியம் எல்லாம் ஒதுங்கி இடம் கொடுத்தால்!

அதைவிடப் பெரிய சிக்கல், கரையும் ஹியூமேட் பிடித்த உலோகத்தையும் தூக்கிக்கொண்டு நீரோடு கீழே இறங்கும். செம்பும் ஈயமும் இப்படித்தான் நகரும். கரையாத வடிவம்தான் வேணும்: பழுப்பு நிலக்கரித் தூள், இல்லைன்னா நன்றாக மக்கிய கம்போஸ்ட். உலர் எடையில் 1 சதவீதம் என்றால் 8.5 டன். நெய்வேலி நிலக்கரியில் பாதி ஈரம், அதனால் 17 டன் வண்டியில் வரணும்.

குரோம்தூள்:
மேலே சொன்னது ஈயத்துக்குச் சரி. குரோமியம் வேறு கதை. தோல் பதனிடப் போடுவது குரோமியம்-3. பிஎச் 8-ல் அது ஹைட்ராக்சைடாகக் கரையாமல் கிடக்கும், எனவே அந்த 410 என்ற எண் மட்டும் உங்களைப் பயமுறுத்த வேண்டாம். கிணற்றில் குரோமியம்-6 வந்திருந்தால் குரோமேட் (குரோமியம்-6 உப்பு) கழிவு பக்கத்தில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்க. மண்ணிலும் குரோமியம்-6ஐத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்க.

குரோமேட் எதிர்மின்சுமை கொண்டது. ஹியூமிக்கின் கார்பாக்சில் முனைகளும் அப்படியே, எனவே ஒட்டாது. முதலில் குரோமியம்-6 குரோமியம்-3 ஆக மாறணும். ஹியூமிக் அதைச் செய்யும், ஆனால் அமில மண்ணில்தான் வேகம், 8.2-ல் ரொம்ப மெதுவு. மாங்கனீசு ஆக்சைடு நிறைந்த மண் என்றால் குரோமியம்-3 திரும்ப குரோமியம்-6 ஆகவும் மாறும்.

இதில் ஒரு பொறி இருக்கு. ஹியூமேட் விட்டபின் டைபினைல்கார்பசைடு சோதனை (குரோமியம்-6ஐ அளக்கும் நிறச் சோதனை) செய்தால் அளவு குறைந்ததாகக் காட்டலாம். சோதனைக்குச் சேர்க்கும் அமிலத்திலேயே ஹியூமிக் குரோமியம்-6ஐ மூன்றாக மாற்றிவிடும். நிலத்தில் ஒன்றும் மாறியிருக்காது.

பாலாற்றங்கரை:
அப்போ பாசன நீருக்கு என்ன வழி? நிலக்கரித் தூளைச் சின்ன அளவில் சோதிக்க முடியுமா?

குரோம்தூள்:
நீருக்கு பெரஸ் சல்பேட் (அன்னபேதி, இரும்பு உப்பு). அது குரோமியம்-6ஐ மூன்றாக மாற்றிப் படியவைக்கும். ஒரு கிராம் குரோமியம்-6க்கு 16 கிராம் படிகம் கணக்கு. 1000 லிட்டர் தொட்டிக்கு 13 கிராம் வருது. காற்றிலுள்ள ஆக்சிஜன் ஒரு பங்கைத் தின்னும் என்பதால் 25-30 கிராம் போடுங்க. படிகம் பச்சையாக இருக்கணும். துருநிறம் ஏறியது உதவாது. வாளியில் அப்போதே கரைத்து ஊற்றிக் கலக்கி, பிறகு காற்றடித்து, இரவு முழுக்க தெளியவிட்டு, மணல் வடிகட்டியில் விடுங்க. அந்தத் தொட்டியில் ஹியூமேட் சேர்க்கக் கூடாது, இரும்பு நுண்துகளாக மிதந்து தெளியவே தெளியாது. அடிச்சேறு அபாயக் கழிவு, வயலில் கொட்டாதீங்க. பாசனத்துக்கு விடும்முன் ஆய்வகத்தில் பாருங்க. குடிக்க இது போதாது. அதற்கு மொத்த குரோமியமே 0.05 மி.கி.தான் வரம்பு.

மண்கணக்கு:
ஈயத்துக்கான சோதனை இது. தலா 100 கிராம் உலர் மண், நாலு டப்பா. நிலக்கரித் தூள் உலர் எடையில் 0, 1, 2, 5 கிராம். வயல் ஈரத்தில் நாலு வாரம் வையுங்க. பிறகு ஒவ்வொன்றிலும் 10 கிராமுக்கு 0.01 மோலார் கால்சியம் குளோரைடு 100 மில்லி ஊற்றி, 2 மணி நேரம் குலுக்கி, 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஈயம் எவ்வளவு என்று பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்புங்க.

வடிநீர் தேநீர் நிறத்தில் இருந்தால் அந்தத் தூளை வாங்காதீங்க. ஹியூமிக் நுண்துகள் வடிகட்டியைத் தாண்டி வந்துட்டுது, ஈயமும் கூடவே வரும். தூளிலேயே கந்தகமும் உலோகமும் எவ்வளவு என்று லோடு இறக்கும் முன் பார்த்துடுங்க.