பெயர் குட்காவுடையது, படம் ஏலக்காய்: இந்த விளம்பரத்தைத் தூக்க வழி உண்டா?

தாம்பரத்தான்:
பள்ளிக்கு எதிரே உள்ள பஸ் ஸ்டாப் நிழற்குடையில் ஏலக்காய் விளம்பரம். பெயர், எழுத்து, நிறம் எல்லாம் பிரபல குட்காவுடையது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விளம்பரம் கூடாது என்று மனு எழுதினால் போதுமா?

ஷரத்து:
100 கெஜத்தை விட்டுவிடுங்கள். அது 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6ஆவது பிரிவு, விற்பனைக்கு மட்டும். விளம்பரத் தடை 5ஆவது பிரிவு. அதில் தூரக் கணக்கே இல்லை, கடை வாசல் பலகை போன்ற சில விலக்குகள்தான். தூரத்தை எழுதினால் டேப் வைத்து அளந்து, 101 கெஜம் என்று மனுவை மூடிவிடுவார்கள்.

புகையிலைப் பொருளின் பெயரில் வேறு சரக்கை விளம்பரப்படுத்துவதும் மறைமுக விளம்பரமே என்கின்றன விதிகள். ஆனால் 'எங்களுடையது புகையிலை இல்லாத பான் மசாலா' என்று நிறுவனம் நழுவும். அதே பெயரில் புகையிலைப் பாக்கெட் இருந்தால், எச்சரிக்கைப் படம் தெரிய போட்டோ எடுத்து இணையுங்கள். மனுவின் உயிரே அதுதான். தண்டனையோ, முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிழற்குடை வாடகைக்கு முன் ஆயிரம் ரூபாய் எம்மாத்திரம்!

கணக்கன்:
ஆஸ்கி (இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு) இணையதளத்திலும் போடுங்கள், கட்டணம் இல்லை. 'பிள்ளைகள் பார்க்கிறார்கள், அசிங்கம்' என்று மட்டும் எழுதினால் வலு இருக்காது. 'இது உண்மையான பிராண்ட் விரிவாக்கமா (அதே பெயரில் நிஜமாகவே விற்கும் வேறு சரக்கா)?' என்று கேளுங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் சந்தையில் உள்ள சரக்கென்றால், நாடு முழுக்க ஆண்டுக்கு 5 கோடி அல்லது விற்கும் மாநிலம் ஒவ்வொன்றிலும் 1 கோடி விற்றுமுதல் காட்ட வேண்டும். ஏலக்காயில் அது பலருக்குத் தேறாது. ஆஸ்கிக்கு அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. அது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திடம் இருக்கிறது: 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம். அந்த ஆணையத்தின் 2022 வழிகாட்டுதலில் இப்படி வேறு சரக்கின் போர்வையில் வரும் மாற்று விளம்பரத்துக்கு நேரடித் தடையே உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தும் பதியலாம்.

ஃப்ளெக்ஸ்:
மனுவுக்கு முன்னால் போட்டோ. புகார் போன வாசனை வந்தாலே ஷீட்டை மாற்றிவிடுவார்கள். பள்ளிப் பெயர்ப்பலகையும் சேர்ந்து தெரிய ஒன்று, விளம்பரத்தின் அடியில் உள்ள பொடி எழுத்து படிக்கும்படி ஒன்று, தேதி தெரியட்டும். நிழற்குடை விளம்பரம் பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் கையில். அதனால் மாநகராட்சிக்கு எழுதும்போது அவர் பெயரையும் கேளுங்கள்.