மேஜிக் ஸ்லிமை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அரைத்தாளம்:

சிகாகோ ப்ளூஸ் இசையில் மட்டி வாட்டர்ஸ், ஹவ்லின் உல்ஃப், பட்டி கை என்று எல்லோரும் போகிற பாதையிலேயே போய் இப்போது கிட்டார்காரர் மேஜிக் ஸ்லிமில் வந்து நிற்கிறேன். இவருடைய ஆல்பங்கள் சிலவற்றைக் கேட்டேன். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்துப் பாட்டுக் கேட்டால் பத்தும் ஒரே நடை, துள்ளி நடக்கிற அதே ஷஃபிள் தாளம், பாதிக்கு மேல் மற்றவர்களுடைய பாட்டு. இருந்தாலும் இவர் பேச்சு வந்தாலே பழைய ரசிகர்கள் எல்லோரும் "நேரில் பார்த்திருக்கணும்" என்று சொல்லி வாயை மூடிக்கொள்கிறார்கள். மனிதர் 2013இலேயே போய்விட்டார், நான் எங்கே போய்ப் பார்ப்பது? அவர் வாசித்து நேரில் கேட்ட அண்ணன்கள் அக்காக்கள் இருந்தால், மேடையில் அப்படி என்னதான் நடந்தது என்று விவரமாகச் சொல்லுங்கள். "வேற லெவல்" என்று மட்டும் போட்டுவிட்டு ஓடாதீர்கள், ப்ளீஸ்.

ஜூபார்_பின்வரிசை:

தம்பி, நான் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படித்தவன். சிகாகோக்காரருக்கு நெப்ராஸ்காவில் என்ன வேலை என்று கேட்பாய். 1994இல் அவர் லிங்கன் நகருக்கே குடிவந்துவிட்டார். அங்கே ஜூ பார் என்று ஒரு இடம், 1973இலிருந்து இருக்கிறது, எங்கள் வளாகத்திலிருந்து நடந்தே போகலாம். எழுபதுகளிலேயே சிகாகோவிலிருந்து வேன் ஓட்டிக்கொண்டு வந்து வாசித்துப் போனவர், அப்புறம் அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். நாங்கள் ஹாஸ்டல் ரூமில் ராஜாவும் ரஹ்மானும் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம், ப்ளூஸ் என்றால் என்னவென்றே தெரியாது. வெள்ளிக்கிழமை ராத்திரி குளிருக்கு ஒதுங்கப் போன இடம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த பார் நீளமாக, ஒடுக்கமாக, ரயில் பெட்டி மாதிரி இருக்கும். கடைசியில் ஒரு குட்டி மேடை. முதலில் ஸ்லிம் வர மாட்டார். அவருடைய டியர்டிராப்ஸ் குழு மட்டும் ஏறி இரண்டு மூன்று பாட்டு வாசிக்கும். அவர் தம்பி நிக் ஹோல்ட் பாஸ் கிட்டார் வாசிப்பார், பாடவும் செய்வார். அதுவே நன்றாகத்தான் இருக்கும், தலையாட்டிக்கொண்டு நிற்போம். ஸ்லிம் தன் பாட்டுக்கு பார் பக்கம் யாருடனோ பேசிக்கொண்டிருப்பார். அப்புறம் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற உடம்பு, தலையில் தொப்பி, கூட்டத்துக்கு நடுவில் அவசரமே இல்லாமல் நடந்து வந்து கிட்டாரை மாட்டிக்கொள்வார்.

முதல் ஸ்வரம் விழுந்ததும் அந்த அறையே சின்னதாகிவிடும். சத்தம் கூடியதால் மட்டும் இல்லை, அதுவரை வாசித்துக்கொண்டிருந்த அதே நாலு பேர் வேறு குழுவாக மாறிவிடுவார்கள். என்ன பாட்டு என்று அறிவிக்க மாட்டார், கையில் பட்டியலும் கிடையாது. தனியாக ஒரு சின்ன வரி வாசிப்பார், அதைக் கேட்டே மற்றவர்கள் பாட்டைப் பிடித்து உள்ளே விழுந்துவிடுவார்கள். டிரம்ஸ்காரர் கண் ஸ்லிமின் முதுகை விட்டு நகராது. ஒரு பாட்டு முடிந்து கை தட்டி முடிப்பதற்குள் அடுத்தது தொடங்கியிருக்கும். நடுவில் கதை, ஜோக், "எல்லோரும் கை தட்டுங்க" ஒன்றும் இல்லை. இரண்டாவது செட் முடியும்போது சட்டை நனைந்திருக்கும், எனக்கு!

நீ சொல்கிற "ஒரே நடை" உண்மைதான். ஆனால் அந்த ஒரே நடையில் ஒரு மணி நேரம் நிற்கும்போது உடம்பு அதற்குள் போய்விடுகிறது. ஸ்டுடியோவில் மூன்று நிமிடம், நாலு நிமிடம் என்று வெட்டி வைத்தால் அது நடக்காது.

ஓடிஸ்_கட்சி:

எல்லாம் சரி, ஆனால் "கண்டுகொள்ளப்படாத சிகாகோ கிட்டார்காரர்" என்ற நாற்காலி ஓடிஸ் ரஷ்ஷுக்குத்தான். 1956இல் கோப்ரா நிறுவனத்தில் முதல் ரெக்கார்டே ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) விற்பனைப் பட்டியலில் ஆறாம் இடம் வரை போனது. 1971இல் பதிவு செய்த அற்புதமான ஆல்பத்தைப் பெரிய கம்பெனி ஒன்று பெட்டியில் பூட்டி வைத்து, அது 1976இல் வேறு சின்னக் கம்பெனி மூலம் வெளியே வந்தது. இடதுகைக்காரர், கம்பிகளை மாற்றிக் கட்டாமல் தலைகீழாகவே வாசித்தவர். ஒற்றை ஸ்வரத்தை வளைத்து அவர் நிறுத்துகிற இடத்தில் நெஞ்சு அடைக்கும். ஸ்லிம் நல்ல பார் பேண்ட் தலைவர், மறுக்கவில்லை. அதற்கு மேல் என்ன?

மேற்குத்தெரு:

ஓடிஸ் கட்சிக்கு ஒரு பதில். ஓடிஸ் ரஷ்ஷை நானும் பார்த்திருக்கிறேன். நல்ல நாள் அமைந்தால் உலகத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை, நீங்கள் சொல்வது சரி. அமையாத நாளில் ஏனோதானோ என்று வாசித்துவிட்டு இறங்கிவிடுவார், டிக்கெட் வாங்கும்போது எந்த ஓடிஸ் வரப்போகிறார் என்று தெரியாது. ஸ்லிமிடம் அந்தச் சூதாட்டமே இல்லை. ஹால்ஸ்டெட் தெருவில் ப்ளூஸ் என்றே பெயர் வைத்த அந்தச் சின்ன க்ளப்பில் பனிக்காலத்து வாரநாளில் கால்வாசிக் கூட்டம்கூட இல்லாத ராத்திரி பார்த்திருக்கிறேன். கிராண்ட் பார்க்கில் ப்ளூஸ் விழாவில் ஏரிக்கரைப் புல்வெளி நிறைய ஆட்கள் இருந்தபோதும் பார்த்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் அதே ஆள், அதே வேகம். காலியாக இருக்கிறதே என்று ஒரு செட்டைச் சுருக்கியதை நான் பார்த்ததில்லை.

அதனால்தான் அவரைப் பற்றி யாரும் காவியம் எழுதவில்லை என்று நினைக்கிறேன். எழுதுகிறவர்களுக்குத் துயரக் கதை வேண்டும். தினமும் ஒழுங்காக வேலைக்கு வருகிற ஆளைப் பற்றி என்ன எழுதுவது?

தெற்குப்பக்கத்து_தாத்தா:

எனக்கு இங்கே எல்லோரையும்விட வயது அதிகம் என்று நினைக்கிறேன், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளின் கடைசியில் நான் ஐ.ஐ.டி. மாணவன். சென்னை ஐ.ஐ.டி. அல்ல, சிகாகோ தெற்குப் பக்கத்தில் இருக்கும் இல்லினாய் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. வளாகத்தை விட்டு வெளியே போகாதே என்று சீனியர்கள் பயமுறுத்துவார்கள். என்னோடு லேபில் வேலை பார்த்த ஒரு கறுப்பினத்து நண்பர் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை ஃப்ளோரன்ஸஸ் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார்.

அது அக்கம்பக்கத்து ஆட்களுக்கான பார், சுற்றுலாக்காரர்களுக்கானது அல்ல. முன்பு அங்கே ஞாயிறுதோறும் ஹவுண்ட் டாக் டெய்லர் என்ற ப்ளூஸ் கிட்டார்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். அங்கே அவரைக் கேட்டு மயங்கிய ப்ரூஸ் இக்லாயர் என்ற இளைஞர், அவரைப் பதிவு செய்வதற்காகவே 1971இல் அலிகேட்டர் ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். டெய்லர் ஊர் ஊராகப் போக ஆரம்பித்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்லிம் கைக்கு வந்தது. மத்தியான வெயில் கதவு வழியாக உள்ளே அடிக்கும். சர்ச்சுக்குப் போட்டுப்போன உடையோடு வந்த பெண்கள் ஒரு பக்கம், வேலை உடுப்போடு ஆண்கள் ஒரு பக்கம், மேடை என்று தனியாக உயரமாக ஒன்றும் இல்லை. மற்ற க்ளப்புகளில் வாசிக்கிற ஆட்கள் வந்து நிற்பார்கள், நடுநடுவே ஒருவரைக் கூப்பிட்டுப் பாட வைப்பார்கள். ஆடுகிறவர்களின் முழங்கை ஸ்லிமின் கிட்டார் தலையில் இடிக்கிற தூரம். அவர் கண்டுகொள்ளவே மாட்டார், அரையடி நகர்ந்து வாசித்துக்கொண்டே இருப்பார்.

நண்பர்தான் ஸ்லிமின் கதையைச் சொன்னார். மிசிசிப்பியில் பிறந்த மோரிஸ் ஹோல்ட், பருத்தி அரவை இயந்திரத்தில் ஒரு சுண்டுவிரல் போனதால் பியானோவை விட்டுவிட்டுக் கிட்டாருக்கு வந்தவர். சின்ன வயதுச் சிநேகிதர், அவரும் ப்ளூஸ் கிட்டார்காரர், மேஜிக் சாம்தான் இவருக்கு மேஜிக் ஸ்லிம் என்று பெயர் வைத்தார். 1955இல் சிகாகோ வந்தபோது இங்கே இருந்த ஜாம்பவான்களுக்கு முன்னால் நிற்க முடியவில்லை. பேசாமல் ஊருக்குத் திரும்பிப்போய்ச் சில வருஷம் சாதகம் பண்ணினார், அப்புறம் தம்பிகளோடு மறுபடி வந்தார். சாம் 1969 டிசம்பரில் 32 வயதில் இறந்துபோனார். ஸ்லிம் அதற்கு அப்புறம் 43 வருஷம் வாசித்தார்.

ஒரு விஷயம் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. நாங்கள் ஞாயிறுதோறும் கேட்ட இந்த மனிதருடைய முதல் ஆல்பம் 1977இல் வந்தது, அதுவும் பிரெஞ்சுக் கம்பெனி போட்டது! அப்போது அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது.

ரெண்டாங்கிட்டார்:

வாசிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அரைத்தாளம், நீங்கள் ஸ்லிமின் சோலோவை மட்டும் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டாவது கிட்டாரைக் கேளுங்கள். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து பத்து வருஷத்துக்கும் மேலாக அந்த இடத்தில் இருந்தவர் ஜான் ப்ரைமர், மட்டி வாட்டர்ஸின் கடைசிக் குழுவில் வாசித்துவிட்டு வந்தவர். தடித்த கம்பிகளில் பாஸோடு ஒட்டி நடந்துகொண்டே இருப்பார், பாஸும் அவரும் பிரிந்து கேட்காது. அந்தத் தரை அவ்வளவு கெட்டியாக இருப்பதால்தான் ஸ்லிம் மேலே தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி, வேண்டுமென்றே தாமதமாக வந்து உட்கார முடிகிறது. காலப்பிரமாணம் இம்மி அசையாது. பார் பேண்ட் என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள் ஓடிஸ் கட்சி, நாலு பேரைக் கூட்டிவைத்து அந்த ஷஃபிளைப் பத்து நிமிடம் இழுபடாமல், ஓடாமல் வாசித்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். எங்களுக்கு மூன்றாவது நிமிடத்திலேயே வேகம் கூடிவிடும்.

சத்தத்தைப் பற்றி: ஃபெண்டர் ஜாஸ்மாஸ்டர் கிட்டார். அந்தக் காலத்தில் ப்ளூஸ்காரர்கள் அதிகம் தொடாத மாடல். நேராக ஆம்ப் (ஒலிபெருக்கி), இடையில் சத்தத்தை மாற்றுகிற பெடல் எதுவும் இல்லை. சிலர் அவர் ஸ்லைடு போட்டு வாசிக்கிறார் என்று நினைப்பார்கள். விரலில் கண்ணாடிக் குழாயும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் விரலை வைத்து அசைக்கிற அசைவுதான் அப்படிக் கேட்கிறது. உச்ச ஸ்தாயியில் ஒரு கம்பியை மேலே தள்ளி அங்கேயே படபடவென்று நடுங்க விடுவார். வேகமாக ஸ்வரங்களைக் கொட்டுகிற பழக்கம் கிடையாது. என்னைப் போல வாசிக்காதே, உனக்கென்று ஒரு சத்தத்தைக் கண்டுபிடி என்று மேஜிக் சாம்தான் அவருக்குச் சொன்னாராம். சொன்னதைக் கேட்டிருக்கிறார், இரண்டு பேரையும் அடுத்தடுத்துக் கேட்டால் யார் என்று நொடியில் தெரியும்.

சூரிச்_சுதா:

நான் சுவிஸில் பார்த்தேன். எங்களவருக்குத்தான் இந்தப் பைத்தியம், நான் துணைக்குப் போனது. ஹால் பெரிதில்லை, சனம் நிறைய, முக்கால்வாசி தலை நரைத்த சுவிஸ்காரர். அவையள் சாதாரணமாக ஆட மாட்டார்கள், கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்பார்கள். மூன்றாம் பாட்டுக்குள் பின்னுக்கு நின்ற ஒரு கிழவனும் கிழவியும் ஆடத் தொடங்கிவிட்டினம், பிறகு முழு ஹாலும். ஸ்லிம் சிரிக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை, ஆனால் அதற்குப் பிறகு பாட்டுகளை நீட்டிக்கொண்டே போனார். முடிந்த பிறகு சிடி மேசையில் தானே இருந்து கையெழுத்துப் போட்டார். எங்களவர் இங்கிலீஷில் ஏதோ கேட்கப் போய் நாக்குளறி நின்றார், ஸ்லிம் அவருடைய கையைப் பிடித்து வைத்துக்கொண்டே பக்கத்தில் நின்றவரோடு கதைத்தார். வீடு வரும்வரைக்கும் காரில் அந்தக் கை பற்றித்தான் கதை. சரியான பெரிய கையாம்.

ஓடிஸ்_கட்சி:

ரெண்டாங்கிட்டார் சொன்ன ப்ரைமர் விஷயத்துக்காக நேற்று ஹெட்ஃபோனில் மறுபடி கேட்டேன். இரண்டாவது கிட்டார் பிரமாதம், ஒப்புக்கொள்கிறேன். நாற்காலி விஷயத்தில் மட்டும் மாற்றம் இல்லை.

மேற்குத்தெரு:

நாற்காலியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் சார். ஸ்லிம் குழுவுக்கு ஆண்டின் சிறந்த ப்ளூஸ் இசைக்குழு என்ற டபிள்யூ.சி. ஹேண்டி விருது 2003இல் ஆறாவது முறையாகக் கிடைத்தது. ப்ளூஸ் வட்டத்துக்குள் அவரைத் தெரியாதவர் இல்லை, வெளியே தெரிந்தவர் இல்லை, அவ்வளவுதான்.

அரைத்தாளம்:

எல்லோருக்கும் பெரிய நன்றி. குறிப்பாகத் தாத்தாவுக்கு, அந்த ஃப்ளோரன்ஸஸ் மத்தியானத்தைப் பற்றி இன்னும் எழுதுங்கள். சரி, இப்போது நேரில் பார்க்க வழியில்லாத எனக்கு எதிலிருந்து தொடங்குவது? நான் கேட்டவை எல்லாம் கடைசிக் காலத்து ஸ்டுடியோ ஆல்பங்கள் என்று இப்போதுதான் புரிகிறது.

ஜூபார்_பின்வரிசை:

வியன்னாவில் வுல்ஃப் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு கம்பெனி, ஜூ பாரில் எடுத்த நேரடிப் பதிவுகளை வரிசையாகப் போட்டிருக்கிறது. பதிவுத் தரம் சுமார்தான், கூட்டத்தின் சத்தமும் பீர் பாட்டில்களின் சத்தமும் ஊடே கேட்கும். ப்ரைமர் இருக்கிற பதிவாகப் பார்த்து எடு. பாட்டு பாட்டாகத் தாவாதே, ஒரு தட்டு முழுக்க ஓடவிடு. ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரில் போட்டு, வீட்டில் திட்டு விழுகிற அளவுக்குச் சத்தம் வை. ஸ்டுடியோ வேண்டுமென்றால் 1982இல் வந்த கிராண்ட் ஸ்லாம் என்ற ஆல்பம், அதுவும் கிட்டத்தட்ட மேடையில் வாசிப்பது போலத்தான் இருக்கும்.

2013 ஜனவரியில் பயணத்தின் நடுவே பென்சில்வேனியாவில் உடம்புக்கு முடியாமல் போய், பிப்ரவரி 21 அன்று பிலடெல்ஃபியா மருத்துவமனையில் இறந்தார், 75 வயது. 75லும் ஊர் ஊராகப் போய்க்கொண்டுதான் இருந்தார். மகன் ஷான் ஹோல்ட் அதே டியர்டிராப்ஸ் பெயரில் குழுவை எடுத்து நடத்தினார், அந்த வருஷமே ஆல்பமும் போட்டார். அமெரிக்கப் பக்கம் வந்தால் அவர் எங்கே வாசிக்கிறார் என்று விசாரித்துப் போ. ஜான் ப்ரைமரும் தன் குழுவோடு வாசித்துக்கொண்டிருப்பவர்தான், அவர் கிடைத்தால் முன்வரிசையில் நின்று கேள்.

சூரிச்_சுதா:

ப்ரைமர் இங்கே யூரோப்புக்கும் வாறவர். எங்களவர் திகதி பார்த்துச் சொல்கிறாராம், தனி மடலில் உங்கள் ஊரைப் போடுங்கோ தம்பி.