பொருள்: மறு: மறு: சார்பில்லாச் சார்பா? (திங்கள் அச்சு, அவசரம்)

அன்புள்ள குழுவினருக்கு,
அமெரிக்கத் தொழிலாளர் சட்டக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பணியிடத்தில் எல்லாருக்குமாகப் பேரம் பேசும் உரிமை ஒரே சங்கத்துக்குத்தான். அதற்கு ஈடாக, அது யாரையும் ஓரங்கட்டாமல் எல்லாருக்காகவும் பேசியாக வேண்டும். இந்தக் கடமைக்கு 'நேர்மையான பிரதிநிதித்துவம்' என்று போட்டிருக்கிறேன். தலைப்பு 'உறுப்பினர் உரிமை'. சரியா?
– மொழிபெயர்ப்பாளர்

> நேர்மையான

போதாது. வாக்கா எதிர் சைப்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு (1967) மூன்று தவறுகளைச் சொல்கிறது: தான்தோன்றித்தனம், பாகுபாடு, கெட்ட எண்ணம். நேர்மை கடைசியைத்தான் பிடிக்கும். கைசுத்தமான செயலாளர்கூட ஒருவருடைய புகாரைப் பிரித்துப் பார்க்காமலே மேசைக்கடியில் தள்ளிவிடலாமே! 'நியாயமான' என்று போடுங்கள்.

தலைப்பும் தப்பு. 1944இல் உச்ச நீதிமன்றம் போன ஸ்டீல், ரயில் எஞ்சினில் ஃபயர்மேன். கறுப்பர் என்பதால் சங்கம் அவரைச் சேர்க்கவே இல்லை. அதே சங்கம்தான் அவருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு, அவருடைய இடத்தைப் பணிமூப்பில் இளைய வெள்ளையருக்குத் தந்தது. உறுப்பினராக இல்லாதவர் போட்ட வழக்கில் பிறந்த கடமை இது.
– வழக்கறிஞர்

நியாயமும் வடசொல், பிரதிநிதியும் வடசொல். நமக்குச் சொல் பஞ்சமா? நடுவு நிலைமை அதிகாரத்தை வள்ளுவர் 'தகுதி' என்றுதான் தொடங்குகிறார். பரிமேலழகரும் அதற்கு நடுவுநிலைமை என்றே பொருள் சொல்கிறார். தகு, தகவு, தகைமை எல்லாம் ஒரே வேர். ஆகவே 'தகுதிச் சார்பாண்மை'.
– புலவர்

ஐயா, 'தகுதி' என்றால் இன்று வேலை விண்ணப்பத்தில் நிரப்புகிற கட்டம். 'சார்பு' அதைவிட வம்பு. ஒருவர் சார்பில் பேசுவதும் சார்பு, ஒரு பக்கம் சாய்வதும் சார்பு. இந்தக் கடமை சொல்வதே சார்பு காட்டாதே என்றுதான். 'சார்பில்லாச் சார்பாண்மை' என்று விடுகதை போடலாமா?
– ஆசிரியை

அப்படியானால் பிரதிநிதிக்குப் 'பேராளர்'.
– புலவர்

பேராளர் பெரிய ஆளா, பேர் உள்ள ஆளா?
– ஆசிரியை

(இதற்கு வந்த ஏழு மடல்களையும் படித்தேன். இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது. எனக்குச் சொல் கிடைக்கவில்லை. – மொழிபெயர்ப்பாளர்)

ஒன்று சொல்கிறேன். சங்கத்தின் மீது தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தில் புகார் தர ஆறு மாதம்தான் கெடு. கையேட்டைப் புரட்டுகிறவர் அதில் ஒரு நாளைக்கூட அகராதியோடு கழிக்கக் கூடாது.
– வழக்கறிஞர்

சரி. நான்கு பேர் 'நியாயமான பிரதிநிதித்துவக் கடமை' என்கிறீர்கள், அதையே போட்டு அனுப்பிவிட்டேன். தலைப்பை 'உங்களுக்காகச் சங்கம் பேச வேண்டும்' என்று மாற்றினேன். நன்றி.
– மொழிபெயர்ப்பாளர்

என் மாற்றுக் கருத்து பதிவாகட்டும். அடிக்குறிப்பிலாவது 'தகவு' இடம்பெற வேண்டும். பேராளர் பற்றிய எட்டாவது மடல் இன்றிரவு வரும்.
– புலவர்